வளையும் விசிறிக்கு ஒரு வக்காலத்து

படகின் பின்கட்டையில் பூட்டும் மோட்டாருக்கு, அதாவது அரசாங்க மானிய விண்ணப்பங்களில் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்றும் கரையோரத்தில் அவுட்போர்டு என்றும் வழங்கும் பொறிக்கு, அலுமினிய விசிறியைக் காட்டிலும் எவர்சில்வர் விசிறியே எந்நாளும் எவ்விடத்தும் மேலானது என்றும், அலுமினியத்தை வாங்குகிறவன் கைப்பொருள் போதாமையால் வாங்குகிறானேயன்றி விவேகத்தால் வாங்குவதில்லை என்றும் ஓர் அபிப்பிராயம், கடைக்காரரிடமிருந்து மெக்கானிக்குக்கும் மெக்கானிக்கிடமிருந்து படகோட்டிக்கும் கைமாறிக் கைமாறி, இன்று யாரும் ஐயுறாத சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பது என் துணிபு. நமது ஆற்றுக்கும் நமது அணைக்கும் நமது சிறு படகுகளுக்கும் அது பிழையானது மட்டுமன்று, நஷ்டத்தை விளைவிப்பதும் ஆகும் என்பதை இங்கே விஸ்தாரமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இண்டூரில் இருந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுவதற்கு உனக்கு என்ன அதிகாரம் என்று ஒருவர் கேட்கலாம், கேட்பது நியாயமே. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ள எங்கள் ஊர் மானாவாரிப் பூமி. கிணற்றிலும் ஆழ்துளையிலும் நீர் எவ்வளவு கீழே போயிற்று என்று ஆண்டுதோறும் அளந்து பெருமூச்சு விடுகிற ஊர். ஆனால் அதே சாலை பென்னாகரத்தைத் தாண்டினால் ஒரு கிளை ஒகேனக்கலுக்கு இறங்குகிறது. மற்றொரு வழி ஏரியூரைக் கடந்து நாகமரையில் போய், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பின் விளிம்பில் முடிகிறது. அங்கே எனக்குப் பெண் கொடுத்த வீடு இருக்கிறது. அந்தக் கரையில் நின்று, எதிரே சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்குப் போகும் படகுகளையும் வலை விரிக்கும் பரிசல்களையும் பல ஆண்டுகளாகக் கண்டுவந்தவன் என்ற ஒரே உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த அபிப்பிராயத்தின் பிறப்பிடத்தை ஆராய்வோம். துருப்பிடிக்காத எஃகு என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நாம் எவர்சில்வர் என்றே வீட்டில் சொல்கிறோம். அந்தப் பெயரிலேயே என்றும் மங்காத வெள்ளி என்ற புகழுரை அடங்கியிருக்கிறது. பித்தளையும் வெண்கலமும் வீற்றிருந்த அடுக்களையில் ஏழைகளின் பாத்திரமாக அலுமினியம் நுழைந்ததும், பின்னர் கொஞ்சம் வசதி வந்தவுடன் அதனைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டு எவர்சில்வர் குடமும் தூக்குப்போசியும் சீர்வரிசைத் தட்டில் இடம்பெற்றதும், கல்யாண வீட்டில் பாத்திரத்தின் மேல் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியதும் நம் தலைமுறையும் நமக்கு முந்திய தலைமுறையும் பிரத்தியட்சமாகக் கண்ட சரித்திரம். அலுமினியச் சட்டி நசுங்கும், கறுக்கும், விலை போகாது. எவர்சில்வர் நசுங்காது, மினுங்கும், பழையதானாலும் விலை உண்டு. அடுக்களையில் இந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அடுக்களையில் சரியாக இருந்த ஒரு தீர்ப்பு, மறுவிசாரணை ஏதுமின்றி நீருக்கு அடியிலும் செல்லும் என்று கொண்டதில்தான் பிழை புகுந்தது. பாத்திரம் எதன்மீதும் மோதுவதற்காகச் செய்யப்படுவதில்லை. கலங்கல் நீரில் ஓடும் விசிறியோ, என்றேனும் ஒருநாள் எதன்மீதாவது மோதியே தீரவேண்டிய பொருள்.

இரண்டு உலோகமும் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேட்டூரிலேயே, அணையின் அடிவாரத்தில், மதராஸ் அலுமினியக் கம்பெனி 1965-இல் உற்பத்தி தொடங்கி, சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டு பல ஆண்டுகள் அலுமினியம் வடித்தது. சேலத்தில், கஞ்சமலையின் சாரலில், உருக்காலை 1981-82-இல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கி, சேலம் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை இந்தியாவெங்கும் கொண்டுசேர்த்தது. ஆகவே ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைத் தூற்றுவதில் எனக்கு ஊர் அபிமானம் எதுவும் இல்லை. இரண்டும் எங்கள் பக்கத்து உலோகங்களே.

இனி, இந்த விசிறி சுழலவேண்டிய நீர் எத்தகையது என்று பார்ப்போம். ஏனெனில் எதிர்க்கட்சியார் உலோகத்தின் லட்சணங்களை மணிக்கணக்கில் பேசுவார்களேயன்றி நீரின் லட்சணத்தை ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம், நிறையும்போது 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடையதாய், ஏறத்தாழ 59 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இந்தப் பரப்பு இயற்கையான ஏரியன்று. மனிதர் குடியிருந்த ஊர்கள்மீதும் உழுத வயல்கள்மீதும் கும்பிட்ட கோயில்கள்மீதும் படர்ந்த நீர். கோடையில் நீர் வற்றும்போது பண்ணவாடிக்கு அருகே பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தலை காட்டுவதையும், அவற்றைக் காண ஜனங்கள் திரள்வதையும் பத்திரிகைகள் படத்துடன் வெளியிடுகின்றன. படம் எடுக்கத்தக்க பொருள்கள் அவை இரண்டும். படத்துக்கு வராத கல்கட்டிடங்கள், கிணற்று மதில்கள், வரப்புக் கற்கள், பனை மரத்தின் அடிக்கட்டைகள், குண்டுப் பாறைகள் எத்தனை என்பதைக் கரையில் வாழும் முதியவர்கள்தாம் அறிவர், அவர்களும் முழுவதும் அறியார். மேலும் நீர்மட்டமோ நிலையாய் நிற்பதில்லை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த அணை, கர்நாடகத்து மழையால் அதே மாத முடிவுக்குள் 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் 80 அடி ஏறும் நீரில், சென்ற வாரம் கரையாக இருந்த பாறை இந்த வாரம் ஒரு முழ ஆழத்தில் ஒளிந்திருக்கும். அடுத்த வாரம் அது யாருக்கும் தீங்கு செய்யாத ஆழத்துக்குப் போய்விடும். டெல்டாவுக்கு நீர் திறந்து மட்டம் இறங்கத் தொடங்கினால் மறுபடியும் ஒரு முழ ஆழத்துக்கே வந்து நிற்கும். வரைபடத்தில் குறித்து வைத்துத் தப்பிக்கத்தக்க ஆபத்தன்று இது.

இந்த நீரில்தான் என் மைத்துனன், சில ஆண்டுகளுக்கு முன், மீன்கூடைகளையும் வலைகளையும் ஏற்றிச் செல்வதற்கென ஒரு ஃபைபர் படகும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டும் வாங்கினான். மோட்டாரோடு வந்த அலுமினிய விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, விற்றவர் வற்புறுத்தியபடி, அதைப்போல் நான்கு மடங்கு விலையில் எவர்சில்வர் விசிறியைப் பூட்டிக்கொண்டான். "ஆயுசுக்கும் அசையாதுன்னு சொன்னாங்க மாமா" என்று அந்த விசிறியைத் துணியால் துடைத்துக்கொண்டே அவன் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கோடையில், மட்டம் வெகுவாகச் சரிந்திருந்த ஒரு மாலையில், படகு நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது அடியில் ஏதோ ஒன்றின்மீது விசிறி அறைந்தது. படகு ஒருமுறை துள்ளி, மோட்டார் அலறி, பின் ஓய்ந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து பார்க்கையில், விசிறியின் மூன்று இதழ்களில் ஒன்றின் நுனியில் ஒரு கீறல் இருந்தது, அவ்வளவே. விசிறி அசையவில்லை. அதைத் தாங்கிய தண்டு வளைந்திருந்தது. தண்டின் மறுமுனையில் இருந்த கியர்ச் சக்கரத்தின் பற்கள் உதிர்ந்திருந்தன. எண்ணெய்ச் சீல் கிழிந்து, கீழ்ப்பெட்டிக்குள் நீர் புகுந்து எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. பழுது பார்த்த செலவு மோட்டாரின் விலையில் பாதியை நெருங்கியது. உதிரிப்பாகம் வந்து சேரும்வரை ஐந்து வாரம் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது.

ஒரு சம்பவம் சித்தாந்தத்தைப் பொய்ப்பிக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சம்பவம் என்னைச் சிந்திக்கத் தூண்டியது. சிந்தித்ததன் பயனாகத் தெளிந்த நியாயம் வேறு.

அந்த நியாயத்தை எங்கள் ஊர் விவசாயி ஒவ்வொருவரும் கிணற்று மேட்டில் கற்றிருக்கிறார், அல்லது கற்றிருக்கவேண்டும். பம்புசெட்டு மோட்டாருக்கு முன்னால் ஃபியூஸ் இருக்கிறது. அதிலே மெல்லிய கம்பி இருக்கிறது. மின்சாரம் ஏறுமாறாய் வரும்போது அந்தக் கம்பி உருகி அறுந்து மோட்டாரைக் காக்கிறது. அடிக்கடி அறுகிறதே என்று சலித்துப்போய், அதைப் பிடுங்கிவிட்டுத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்! கம்பி அதன் பின் அறுவதே இல்லை, காயில்தான் கருகுகிறது. கம்பி வலிவாயிருப்பது ஒரு குணம் என்று நினைத்தது அங்கே நேர்ந்த தவறு. ஃபியூஸ் கம்பியின் குணம் உரிய நேரத்தில் அறுவது. அவுட்போர்டு மோட்டாரில் எஞ்சின், நெட்டுத் தண்டு, கியர், குறுக்குத் தண்டு, விசிறி என்று ஒன்றோடொன்று பிணைந்த சங்கிலி ஒன்று இருக்கிறது. பாறையின் அறை அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை உடைத்தே தீரும் என்றால், எந்தக் கண்ணி உடையவேண்டும் என்பதை முன்கூட்டியே நிச்சயித்து, எளிதில் எட்டுவதும் எளிதில் மாற்றத்தக்கதும் மலிவானதுமான கடைசிக் கண்ணியை மற்றவற்றைவிட இளகியதாக வைப்பதே யந்திர சாஸ்திரத்தின் விவேகம். பழைய சிறு மோட்டார்களில் விசிறியையும் தண்டையும் இணைப்பது ஷியர் பின் என்னும் ஒரு சிறு பித்தளை ஆணி மாத்திரமே. மோதினால் அது வெட்டுண்டு போகும், படகோட்டி வேறோர் ஆணியைச் செருகிக்கொண்டு வீடு திரும்புவார். அந்த ஆணியை எஃகால் செய்ய அதை வகுத்தவர்களுக்குத் தெரியாமலா போயிற்று?

இங்கேதான் எதிர்க்கட்சியார் தமது மிக வலிவான வாதத்தைக் கொண்டுவருகின்றனர். அதை மறைக்காமல் எடுத்துச் சொல்வது என் கடமை. ஷியர் பின் காலம் போய்விட்டது, இப்போது விசிறியின் நடுக்குடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது, மோதும்போது அது வழுக்கிக்கொடுத்துக் கியரைக் காக்கிறது, அலுமினிய விசிறியானாலும் எவர்சில்வர் விசிறியானாலும் புஷ் ஒன்றுதான், ஆகவே இதழ் வளையவேண்டிய அவசியமே இல்லை என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை இது. ரப்பர் புஷ் வழுக்கிக்கொடுப்பது முறுக்குக்கு. அதாவது சுழற்சி திடீரென்று தடைப்படுவதால் தண்டில் ஏறும் திருகு விசைக்கு. ஆனால் பாறை விசிறியைச் சுழலவிடாமல் பிடிப்பதோடு நிற்பதில்லை. ஓடும் படகின் முழுப் பாரத்தோடும் இதழைப் பக்கவாட்டில் நெம்பவும் செய்கிறது. அந்த நெம்பலுக்குப் புஷ் என்ன செய்யும்? விறைத்து நிற்கும் எஃகிதழ் அந்த அறையை அப்படியே தண்டுக்கும் பேரிங்குக்கும் ஒப்படைத்துவிடுகிறது. அலுமினிய இதழோ வளைந்தும் கிழிந்தும் அதில் பெரும்பகுதியைத் தன்னிலேயே செலவழித்துத் தீர்க்கிறது. அன்றியும் எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் எங்கே, 7.9 கிராம் எங்கே! கனத்த விசிறி சுழலும்போது தேக்கிவைத்திருக்கும் ஆற்றலும் அதிகம். மோதிய கணத்தில் அது எங்கேனும் இறங்கியாகவேண்டும். மோதாத நாளிலும், முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கனம் கியரின் பற்களைத் தட்டிப்பார்க்கிறது.

அடுத்து, விறைப்பின் மகிமை பற்றிய வாதம். அலுமினிய இதழ் நீரின் அழுத்தத்தால் சற்றே மலர்ந்துகொடுக்கிறது, அதனால் வேகம் குறைகிறது, எஃகிதழ் மலராது என்கிறார்கள். எஃகின் விறைப்பெண் அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு என்பது மெய்யே. ஆயினும் எஃகு விசிறியை வார்ப்பவர்கள் இதழை மெலிதாகச் செய்கிறார்கள், மெலிந்த இதழ் நீரை வழுவழுப்பாக அறுக்கும் என்றும் இவர்களே பெருமை பேசுகிறார்கள். ஒரு தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பத்துப் பங்கு கனத்தை ஏழு பங்காகக் குறைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். எஃகு தந்த மும்மடங்கு மேன்மை அங்கேயே கரைந்துபோகும். விறைப்பையும் மெலிவையும் சேர்த்துக் கூறி இரட்டைப் புகழ் தேடுவது கணக்குக்கு ஒவ்வாது.

அதுவும் கிடக்கட்டும்; நமது படகின் இதழ்மேல் ஏறும் பாரம்தான் எவ்வளவு? 15 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 11 கிலோவாட். நீரைக் கலக்குவதிலும் வழுக்குவதிலும் பாதி வீணாயிற்று என்று வைத்து, மீதியைக் கொண்டு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் படகு போகிறது என்றால், விசிறி தள்ளும் தள்ளு சுமார் 135 கிலோ எடை. மூன்று இதழுக்கும் பகிர்ந்தால் இதழ் ஒன்றுக்கு 45 கிலோ. புறப்படும் சமயத்தில் இன்னும் சற்றுக் கூடும். இந்தப் பாரத்துக்கு, அடிப்பாகத்தில் கனமாக வார்த்த ஓர் அலுமினிய இதழ் கண்ணுக்குப் புலப்படும்படி மலர்ந்துவிடும் என்று சொல்வது பிரமை. நூற்றைம்பது, இருநூறு குதிரைத்திறன் மோட்டாரைப் பூட்டி, மணிக்கு எழுபது கிலோமீட்டரில் நீர்மேல் சறுக்கிப் பறக்கும் ரோந்துப் படகுக்கும் பந்தயப் படகுக்கும் கதை வேறு. அங்கே இதழின் பாரம் பன்மடங்கு. அங்கே மெலிந்த இதழ் உண்மையாகவே வேகம் தரும். ஆழமான, சுத்தமான நீரில் ஓடும் அத்தகைய படகுகளுக்கு எஃகு விசிறியே பொருத்தம் என்பதை நான் தடையின்றி ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குப் பொருந்தியதை நாகமரைக் கரைக்கு இறக்குமதி செய்ததைத்தான் மறுக்கிறேன்.

மெய்யாகவே வேகமும் எரிபொருள் சிக்கனமும் வேண்டுவோர் கவனிக்கவேண்டியது உலோகத்தையன்று, உருவத்தை. இதற்குச் சரித்திரத்திலே ஓர் அழகான சாட்சியம் இருக்கிறது. இங்கிலாந்தில் விவசாயியாயிருந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர், 1836-இல் கப்பலைத் தள்ளும் திருகுக்குக் காப்புரிமை பெற்று, மரத்தால் செய்த இரண்டு சுற்றுத் திருகு ஒன்றைச் சிறு நீராவிப் படகில் பூட்டி லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1837-இன் தொடக்கத்தில் ஒருநாள் திருகு எதன்மீதோ மோதி, அதில் பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எண்ணியவர்கள் வியக்கும்படி, அது முன்னிலும் வேகமாக ஓடத் தொடங்கியது. இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்றே மேல் என்ற பேருண்மையை, முறிந்துபோன மரம் கற்றுக்கொடுத்தது. வலிவு குறைந்த பொருளிலும் உருவம் சரியாயிருந்தால் படகு ஓடும். உருவம் பிசகினால் எவ்வளவு உயர்ந்த உலோகமும் அதைத் திருத்தாது.

உருவம் என்பதில் தலையாயது, பிட்ச் என்று மெக்கானிக்குகள் சொல்லும் புரித்தூரம். அதாவது விசிறி ஒருமுறை சுற்றினால், நழுவல் இல்லாத பட்சத்தில், எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு. நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினைக் கியர் பாதிக்குச் சற்றுக் கீழே, 2,400 சுற்றாகக் குறைக்கிறது என்று கொள்வோம். 10 அங்குலப் புரியுள்ள விசிறி கணக்குப்படி மணிக்கு 36 கிலோமீட்டர் போகவேண்டும். ஒரே ஆள் ஏறிய படகு அதற்கு ஓரளவு அருகில் போகக்கூடும். மீன்கூடையும் ஐஸ் பெட்டியும் எட்டு ஆளும் ஏறிய படகு 15 கிலோமீட்டரைத் தாண்டாது. மிச்சமெல்லாம் நீரைக் கடைவதிலே போகிறது, எஞ்சினோ தனக்குரிய சுற்றை எட்டாமல் மூச்சுத்திணறி எண்ணெயைக் குடிக்கிறது. அத்தகைய படகுக்கு ஒன்றிரண்டு அங்குலம் குறைந்த புரியுள்ள விசிறியைப் பூட்டினால், அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை எஞ்சின் ஏறும். படகும் சுகமாக நடக்கும். எவர்சில்வரை மாட்டியவுடன் படகு பறந்தது என்று சாட்சி சொல்பவர்களில் பலர், பழைய அலுமினிய விசிறியின் அதே புரியில் எவர்சில்வரை வாங்கியவர்கள் அல்லர். தேய்ந்து நெளிந்த பழைய விசிறியைக் கழற்றிவிட்டு வேறு புரியில் புது விசிறியைப் பூட்டியவர்கள். புதுமையும் புரியும் செய்த உபகாரத்தின் பெருமையை உலோகத்தின் தலையில் சூட்டிவிட்டார்கள்.

நீடித்த ஆயுளைப் பற்றிச் சொல்வதில் ஓர் உண்மை உண்டு, அது மணல். தரங்கம்பாடியிலும் நாகூரிலும் கோடியக்கரையிலும் அலைவாயில் படகை ஏற்றி இறக்கும் கடற்கரை மக்களுடைய விசிறி, மணல் கலந்த நீரைக் கிளறிக்கொண்டே இருக்கிறது; அங்கே அலுமினிய இதழின் விளிம்பு உப்புத்தாள் தேய்த்ததுபோல் தேய்ந்து பற்கள் விழுந்துவிடும்; எஃகு நெடுநாள் தாங்கும். பாறையற்ற மணற்கடலில் தொழில் செய்பவர் எஃகை நாடினால் அவரைக் குறைகூற நான் துணியேன். ஆனால் உப்புநீரில் வேறொரு வியவகாரம் உண்டு என்பதையும் அவருக்குச் சொல்லவேண்டும். மோட்டாரின் கீழ்க்கால் அலுமினிய வார்ப்பு. அதன் பக்கத்திலே கனத்த எஃகு விசிறியை உப்புநீரில் நிறுத்தினால், இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்கலத்தில் நடப்பதுபோன்ற அரிப்பு ஏற்பட்டு, தளர்ந்த உலோகமாகிய அலுமினியக் கால் கரையத் தொடங்கும். இதற்காகவே கட்டி வைத்திருக்கும் ஜிங்க் கட்டியைத் தேயத் தேய மாற்றாவிட்டால், விசிறி பளபளவென்று நிற்க, அதைப் பிடித்திருக்கும் கால் வெள்ளைப் பொடியாய் உதிரும். மன்னார் வளைகுடாவில் பவளப்பார்களுக்கிடையே போகிறவர்களுக்கோ, எங்கள் அணைக்காரர்களுக்குச் சொன்ன அதே நியாயம்தான்.

பழுது பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வளைந்த அலுமினிய இதழைப் பக்குவமாகச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தவும், விளிம்பை அரத்தால் தேய்த்து ஒழுங்கு செய்யவும், சிறு கிழிசலை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டவும் பென்னாகரத்திலும் தருமபுரியிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எஃகையும் ஒட்டலாம் என்பது உண்மை. ஆனால் மெலிந்த எஃகிதழை அதன் பழைய புரிக்கும் சமநிலைக்கும் மீட்பதற்குத் தனிப் பட்டறையும் தனி அச்சும் வேண்டும். சமநிலை பிசகிய விசிறியோ ஓட ஓட அதிர்ந்து, சீலையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

நடு அணையில் அலுமினிய இதழ் உடைந்தால் குடும்பத்தோடு தத்தளிக்க நேருமே என்று பயமுறுத்துவோர் உண்டு. பயம் நியாயமானது, அதற்குப் பரிகாரமாக எஃகைக் காட்டுவதுதான் நியாயமன்று. ஓர் இதழ் வளைந்த அலுமினிய விசிறி, அதிர்ந்துகொண்டே மெதுவாக ஓடிக் கரை சேர்க்கும். கியர் உடைந்த மோட்டாரோ எந்த விசிறியோடும் ஓடாது. எஃகு விசிறி ஒன்றின் விலைக்கு அலுமினிய விசிறி மூன்று நான்கு கிடைக்கும். ஒன்றைப் பூட்டிக்கொண்டு, மற்றொன்றையும் ஒரு ஸ்பேனரையும் ஒரு கொண்டை ஊசிப் பின்னையும் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டால், முழங்கால் ஆழத்தில் நின்று கால்மணி நேரத்தில் மாற்றிவிடலாம். துடுப்பும் உயிர்காப்பு மிதவையும் எந்த விசிறியோடும் கட்டாயம் இருக்கவேண்டியவை. எவர்சில்வரை நம்பி அவற்றைக் கரையில் வைத்துவிட்டு வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், கண்டு நடுங்கியிருக்கிறேன்.

ஒகேனக்கல் பரிசலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து பின்னி, முற்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் போர்த்தி, பாறைகளுக்கு நடுவே சுழித்தோடும் காவிரியில் விடுகிறார்கள். பாறையில் இடித்தால் மூங்கில் உள்வாங்கிக்கொடுக்கிறது, பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி வழியை மாற்றிக்கொள்கிறது. கிழிந்த இடத்தில் அன்று மாலையே தார் பூசிவிடுகிறார்கள். அந்த ஆற்றில் தலைமுறைகளாக உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்த குடும்பங்கள், உறுதியான மரப்படகு செய்யத் தெரியாமல் இந்த இளகிய கலத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்று யாரேனும் சொல்வார்களா? அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத நீரில் விட்டுக்கொடுக்கும் பொருளே தாங்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அதே காவிரியின் கீழ்ப்பக்கத்தில், அதே பாறையும் கல்லும் மண்டிய நீரில், மோட்டார் வந்தவுடன் அந்த ஞானத்தை மறந்து பளபளப்புக்கு மயங்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில் இதில் நஷ்டப்படுகிறவர்கள் கடனை வாங்கிப் படகு வாங்கிய சிறு குடும்பத்தார்.

ஆகவே, அணையிலும் ஆற்றிலும் ஓட்டுவதற்காகச் சிறு மோட்டார் வாங்கும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இது: மோட்டாரோடு வரும் அலுமினிய விசிறியைக் கழற்றாதீர்கள், எவர்சில்வருக்கு வைத்திருக்கும் பணத்தில் பாரத்துக்கேற்ற புரியுள்ள இன்னோர் அலுமினிய விசிறியையும், படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு மிதவையையும் வாங்குங்கள், நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் முதியவர் ஒருவரை முன்னால் உட்காரவைத்து மெதுவாக ஓட்டுங்கள். என் மைத்துனனின் எவர்சில்வர் விசிறி இப்போது அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. படகில் பூட்டியிருப்பது அலுமினியம். பழுது பார்த்த பிறகு இரண்டு கோடை கழிந்துவிட்டன. அதற்குள் மூன்று விசிறிகள் வளைந்தன, இரண்டை நிமிர்த்திக்கொண்டான், ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான். கியர்ப் பெட்டியை எண்ணெய் மாற்றுவதற்கன்றி வேறு எதற்காகவும் இதுவரை திறக்கவில்லை.